கடைசியா வந்த அண்ணன்

‘பெருசு’ன்னு கூப்பிட்டான், கேட்டீங்களா சார்? “பெருசு, காலை உள்ள இழுத்துக்க”ங்கறான். இழுத்துக்கறதுக்கு என்னா, இழுத்துக்கிட்டேன். ஆனா வாய்னு ஒண்ணு இருக்கில்ல? ஐயான்னு சொல்ல வேணாம். ‘பெரியவரே’ன்னு ஒரு ‘ரே’ சேத்துக்கிட்டா டிக்கெட்டு கிழியாதா? சரி, கண்டக்டரைச் சொல்லிக் குத்தம் இல்ல. இன்னைக்குக் காலைல நான் யாரா இருந்தேன்னு அவருக்கு எப்படித் தெரியும்.

நீங்களும் வந்தவாசிதானே? அப்ப நேரம் இருக்கு. ஜன்னலை மட்டும் கொஞ்சம் சாத்திடுங்க, பொன்னாடை பறக்குது. ஆமா, இன்னைக்குப் போட்டதுதான். காலைல ஒரு மண்டபம் நெறைய ஜனம், அத்தனை பேரும் எழுந்து நின்னு, “வாங்கண்ணே”ன்னாங்க சார் என்னைப் பாத்து. அதுல ஒருத்தரு ரிட்டையர்டு ஜட்ஜு. அவரு என்னைவிட ரெண்டு வயசு மூத்தவரு. அவரும் எழுந்து நின்னுதான் சொன்னாரு.

என் பேரு ஏகாம்பரம். ரெவின்யூ இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். சர்வீஸ்ல இருந்தவரைக்கும் சார், சார்னுதான் கூப்பிட்டாங்க. அது என்னையா கூப்பிட்டாங்க? நாற்காலியைக் கூப்பிட்டாங்க. நான் எழுந்து வந்த மறுநாளே டீக்கடையில, “யாரு, ஏகாம்பரமா, ஓரமா நில்லு”ன்னுட்டான். அண்ணேங்கறது அப்படி இல்ல சார். அது ஆளுக்கு வர்றது.

தம்பியர் மன்றம்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? நம்ம பக்கத்துல ஆஸ்டல்ல தங்கிப் படிச்சவன் எவனைக் கேட்டாலும் சொல்லுவான். எந்த ஆபீசுக்குப் போங்க, ரெண்டு தம்பி உள்ள இருப்பான். அதுக்கு இன்னைக்கு அம்பதாவது வருஷ விழா. கொரோனாவால தள்ளிப் போயி இப்பதான் வச்சாங்க. அந்த மன்றத்தை ஆரம்பிச்சது யாருன்னு நெனைக்கிறீங்க? நான்தான்னு நானே சொல்லிக்கக் கூடாது. ஆனா நான் இல்லாம ஆரம்பிச்சிருக்கவே முடியாது. அதைக் காலேஜு பிரின்சிபாலே அப்ப சொல்லிட்டாரு.

எழுபத்தொண்ணாம் வருஷம். காலேஜு எந்த ஊருன்னு கேக்காதீங்க, சம்பந்தப்பட்டவங்க சில பேரு இன்னும் உசுரோட இருக்காங்க. எங்க ஜனங்க பசங்களுக்குன்னு சர்க்காரு ஒரு ஆஸ்டல் வச்சிருந்துச்சு. ஆஸ்டல்னா பேருதான், பழைய அரிசி மில்லு. மிஷினை மட்டும் கழட்டிட்டு எங்களை உள்ள விட்டுட்டாங்க. தவிடு சுவத்துலயே ஊறிப் போயிருக்கும். காலைல எழுந்தா தலைமுடியில தவிடு, காதுல தவிடு. காலேஜுல மத்த பசங்க எங்களைத் தவிட்டுப் பசங்கன்னுதான் சொல்லுவானுங்க.

என்னைச் சொல்ல மாட்டாங்க. நான் பஜார்ல தனியா ரூம் எடுத்துத் தங்கியிருக்கேன்னு கிளாசுல ஒரு பேச்சு இருந்துச்சு. யாரு கெளப்பி விட்டாங்களோ, எனக்குத் தெரியாது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லன்னு நானும் விட்டுட்டேன். காலைல எல்லாரும் சேந்து நடந்து போவாங்க, நான் கொஞ்சம் முன்னாடியே கெளம்பிடுவேன். கூட்டமாப் போறது எனக்குப் பழக்கம் இல்ல. வேற ஒண்ணும் இல்ல.

அந்தக் காலேஜுல ஆண்டு விழான்னா, தமிழ் மன்றத்துக்கு ஒரு வரிசை நாற்காலி, தாவரவியல் மன்றத்துக்கு ஒரு வரிசை, சதுரங்க மன்றம்னு நாலு பேரு, அவங்களுக்கும் ஒரு வரிசை. கிளாஸ் ரூம்லேருந்து பெஞ்சையும் நாற்காலியையும் மண்டபத்துக்குத் தூக்கிட்டு வர்றது யாருன்னா, தவிட்டுப் பசங்க. தூக்கிட்டு வந்து போட்டுட்டு, கடைசியில கதவோரம் நின்னுக்கிட்டுப் பாக்கணும். எவனும் நில்லுன்னு சொல்ல மாட்டான். உக்காருன்னும் சொல்ல மாட்டான்.

முனிரத்தினம்னு ஒருத்தரு. அவருதான் சார் நான் சொன்ன ஜட்ஜு. அப்ப ரெண்டாவது வருஷம் படிச்சுக்கிட்டிருந்தாரு. ஆளு உயரம், பேச்சு அதைவிட நீளம். அவரு நேரா பிரின்சிபால் ரூமுக்குப் போயி, “எங்களுக்கு ஒரு வரிசை வேணும்”னு கேட்டுட்டாரு. பிரின்சிபால் கெட்டவரு இல்ல. ரூல் பேசுற மனுஷன். “மன்றம் இருந்தா வரிசை. ஏழு பேரு கையெழுத்து இருந்தா மன்றம்”னு சொல்லிட்டாரு.

முனிரத்தினத்தோட சேத்து ஆறு பேரு தேறினாங்க. மத்தவன் எல்லாம் சின்னப் பசங்க. ஸ்காலர்ஷிப்பு போயிடும்னு பயம், வூட்டுல அப்பன் ஆத்தா வம்புக்குப் போகாதேன்னு சொல்லி அனுப்பின பயம். ஏழாவது கையெழுத்துக்கு ஆள் இல்ல. என்னைத் தவிர. இப்பப் புரியுதா, நான் ஏன் சொன்னேன்னு?

ஒரு ஞாயித்துக்கிழமை. எனக்கு இருந்தது ஒரே வெள்ளைச் சட்டை. அதைத் தொட்டிகிட்ட தோய்ச்சுக்கிட்டிருக்கேன். முனிரத்தினம் வந்து நிக்கிறாரு.

“ஏகாம்பரம், கையெழுத்து ஒண்ணு வேணும்.”

“எனக்கு இந்தச் சங்கம் கிங்கம் எல்லாம் ஆகாதுப்பா.”

“செயலாளர் பதவி தர்றோம்.”

“வேணாம்.”

“தலைவர்?”

“வேணாங்கறேன்ல.”

“அப்ப என்னாதான்யா வேணும்?”

ஆளைத் துரத்தணும்னுதான் சார் சொன்னேன். வாய்க்கு வந்தது, சொல்லிட்டேன். “எல்லாரும் என்னை அண்ணேன்னு கூப்பிடணும். வாங்க போங்கன்னு பேசணும். நீயும்தான். முடியுமா?”

முனிரத்தினம் சிரிச்சாரு. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டாரு. என் மூஞ்சியில என்னா பாத்தாரோ. உள்ள போயி மத்த அஞ்சு பேரையும் கூட்டிட்டு வந்தாரு. வரிசையா நின்னானுங்க. ஒருத்தன் பல்லுல வேப்பங்குச்சி, ஒருத்தன் லுங்கியை மடிச்சுக் கட்டியிருக்கான். முனிரத்தினம் முதல்ல சொன்னாரு: “அண்ணே, வாங்கண்ணே. வந்து ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்கண்ணே.” அப்புறம் ஒருத்தன் மாத்தி ஒருத்தன். வாங்கண்ணே. வாங்கண்ணே. கடைசியா வேப்பங்குச்சிக்காரன், குச்சியைத் துப்பிட்டுச் சொன்னான், “வாங்கண்ணே.”

நான் அழுதுட்டேன் சார். சொல்றதுக்கு என்னா வெக்கம். ஈரச் சட்டையைக் கைல வச்சுக்கிட்டு நின்னு அழுதேன்.

எங்க நைனா பேரு கன்னியப்பன். எங்க ஊருல பெரிய வூட்டுல ஒரு வாண்டு இருந்துச்சு, பால்பல்லு விழாத வாண்டு. அது தெருவுல பந்து விளையாடும். பந்து ஓடிப் போனா, “டேய் கன்னியப்பா, எடுத்தாடா”ன்னு கத்தும். நைனா கைவேலையை அப்படியே போட்டுட்டு, “இதோ சாமி”ன்னு ஓடுவாரு. நாப்பது வயசு ஆளு. பந்தை எடுத்துக்கிட்டு வந்து கைல குடுக்கக் கூடாது, தரையில வைக்கணும். வச்சிட்டு என்னைத் திரும்பிப் பாப்பாரு. நான் வேற பக்கம் பாத்துக்கிட்டிருப்பேன். பாக்காத மாதிரி. அவருக்கும் தெரியும், நான் பாத்துட்டேன்னு. அந்த ஊருலேருந்து வந்தவன் சார் நான். எனக்கு ஆறு பேரு சேந்தாப்புல அண்ணேன்னா எப்படி இருக்கும்?

கையெழுத்துப் போட்டுட்டேன். ஆறு தம்பி, ஒரு அண்ணன். அதனாலதான் தம்பியர் மன்றம்னு பேரே வந்துச்சு. பேருலயே நான் இருக்கேன், கவனிச்சீங்களா? பிரின்சிபால் பேரைப் பாத்துட்டு, “இது எந்தக் கட்சி?”ன்னு கேட்டாரு. கட்சி இல்ல சார், குடும்பம்னு முனிரத்தினம் சொன்னாரு. அந்த வருஷ விழாவுக்கு எங்க வரிசைக்கு நாங்களே நாற்காலியைத் தூக்கிட்டு வந்தோம், நாங்களே உக்காந்தோம். முதல் நாற்காலி எனக்கு. “அண்ணே, இப்படி உக்காருங்கண்ணே”ன்னு முனிரத்தினம் தோள் துண்டால தட்டி விட்டாரு. என் கிளாஸ் பசங்க திரும்பித் திரும்பிப் பாத்தானுங்க. பஜார் ரூம் கதையெல்லாம் அன்னையோட போச்சு. போனா போவட்டும்னு இருந்துச்சு எனக்கு.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள் இருந்தேன் பாருங்க சார், ராஜா மாதிரி. சாம்பார் அண்டா வந்தா முதல் கரண்டி எனக்கு, காய் இருக்கிற கரண்டி. காலேஜு வராந்தாவுல நான் போனா ஆறு பேரும், “அண்ணே, சாப்ட்டீங்களா”ன்னு சத்தமாக் கேப்பானுங்க. நானும் சேந்து நடந்து போவ ஆரம்பிச்சேன். நடுவுல நடப்பேன்.

இது எந்த ஸ்டாப்பு? சேத்துப்பட்டா? அதுக்குள்ளயா. சரி, விஷயத்துக்கு வர்றேன். இனிமேதான் என் வயித்தெரிச்சலே.

பிச்சாண்டின்னு ஒரு பையன் முதல் வருஷத்துல வந்து சேந்தான். ஒட்டடைக் குச்சி மாதிரி இருப்பான். உரச்சாக்கைத் தைச்சுப் பை பண்ணி எடுத்துட்டு வந்திருந்தான். யாரு பேசினாலும் அவன் பதில் சொல்றது அவன் கால் கட்டைவிரலைப் பாத்துத்தான். எட்டாவது ஆளா இவனை மன்றத்துல சேக்கணும்னு முனிரத்தினம் சொன்னாரு. சேருங்க, எனக்கு என்னா, இன்னொரு தம்பி. அப்படித்தான் நெனைச்சேன்.

கூட்டம் போட்டோம். முனிரத்தினம் எழுந்து, “புதுசா வந்திருக்கிறது இவரு. இனிமே இவருதான் அண்ணே”ங்கறாரு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. “அப்ப நான்?”

“நீங்க இனிமே எங்களோட தம்பி.”

“முன்னாடி வந்த காதைவிடப் பின்னாடி வந்த கொம்பு உசத்தியா? அது என்னுதுப்பா. நான் கேட்டு வாங்கினது.”

முனிரத்தினம் என்னா சொன்னாரு தெரியுமா? “அண்ணே, உங்களைக் கூப்பிட்டப்பதான் எங்களுக்கே தெரிஞ்சுது, இது எப்பேர்ப்பட்ட மருந்துன்னு. ஒருத்தரே குடிச்சுத் தீத்துட்டா எப்படிண்ணே? வர்றவனுக்கெல்லாம் ஒரு வாய் வேணாமா?” அப்பவே ஜட்ஜு பேச்சு பாத்தீங்களா. நம்ம பொருளை எடுத்து இன்னொருத்தன் கையில குடுத்துட்டு நம்மளையே நியாயம்னு சொல்ல வைக்கிற பேச்சு.

அதுலேருந்துதான் சார் மன்றத்துல இந்தச் சட்டம். கடைசியா யாரு சேந்தாங்களோ அவருதான் அண்ணே. அடுத்த ஆளு வர்ற வரைக்கும். அடுத்த ஆளு வந்தா, முன்னாடி இருந்த அண்ணேதான் முதல்ல எழுந்து, வாங்கண்ணேன்னு கூப்பிடணும். வந்தவரு என்னா பண்ணணும்னா, தம்பின்னு கூப்பிட்டு ஒரு வேலை ஏவணும். கதவைத் தொற தம்பி, தண்ணி கொண்டா தம்பி, இப்படி. கேக்கச் சுலபமா இருக்கில்ல? எங்க பசங்களுக்கு அது வராது சார். ஏவலுக்கு ஓடித்தான் பழக்கம், ஏவிப் பழக்கம் கெடையாது. எத்தனையோ பேரு வாயைத் தொறந்துட்டு நின்னுட்டு, தொண்டையிலேருந்து ஒண்ணும் வராம உக்காந்து அழுதிருக்கானுங்களாம். அப்படி ஒரு சட்டத்துக்கு மூலப் பொருளு யாரு? நான். என்னைக் கேட்டாங்களா? கேக்கல.

அன்னைக்குப் பிச்சாண்டியை நிக்க வச்சு, சொல்லுங்கண்ணே, சொல்லுங்கண்ணேன்னு கெஞ்சுறானுங்க. ரொம்ப நேரம் கட்டைவிரலையே பாத்துக்கிட்டு நின்னான். அப்புறம் தலையைத் தூக்கினான். தூக்கினவன் நேரா என்னைப் பாத்தான். அத்தனை பேரு இருக்காங்க, என்னைத்தான் பாக்கணுமா? “தம்பி, அந்தப் பாயை விரி”ன்னான்.

“யாருடா தம்பி?”ன்னு கேட்டேன்.

ஒரு விளக்கம்தான் சார் கேட்டேன். ‘டா’ போட்டுட்டேன்னு அப்புறம் பெரிய பேச்சாப் போச்சு. போட்டிருப்பேன். பேச்சு வேகத்துல வர்றதுதானே. அதுக்கு அவன் ஏன் மறுபடியும் தலையைத் தொங்கப் போடணும்? அதுக்கு மத்தவனுங்க ஏன் என்னை அப்படிப் பாக்கணும்? முனிரத்தினம் மட்டும் மெதுவா எழுந்து அந்தப் பாயை அவரே விரிச்சாரு.

எனக்கும் ரோஷம் இருக்கில்ல? என் பேரை அடிச்சுடுங்கன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். ஏழுக்கு ஒண்ணு கொறையுமே, மன்றம் படுத்துடும், ஓடி வந்து காலைப் புடிப்பானுங்கன்னு நெனைச்சேன். படுக்கல. அதான் பிச்சாண்டி வந்துட்டானே, ஏழுக்கு ஏழு சரியாப் போச்சு.

அதுக்கப்புறம் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. வருஷா வருஷம் விழாப் பத்திரிகை மட்டும் தவறாம வந்துடும். நான் எந்த ஊருக்கு மாத்தலாகிப் போனாலும் வந்துடும். எப்படித்தான் விலாசம் புடிக்கிறாங்களோ. என் பொண்டாட்டி ஒரு தடவை, “போயிட்டுத்தான் வாங்களேன்”னா. “கூப்பிட்டா போவணுமா?”ன்னு கேட்டேன். “கூப்பிட்டா போவாம, கூப்பிடாட்டியா போவாங்க?”ன்னா. பொம்பளைங்களுக்கு இந்த விஷயமெல்லாம் புரியாது சார்.

இந்தத் தடவை ஏன் போனேன்னா, கல்லு. என் பொண்ணு போன வாரம் செல்லுல ஒரு போட்டோ காட்டுச்சு. ஆஸ்டல் வாசல்ல கருங்கல்லுல வெட்டி வச்சிருக்காங்க, ‘மன்றத்தை நிறுவியோர்’னு. ஏழு பேரு. ஏழாவது பேரு பிச்சாண்டி! எட்டாவதா வந்தவன் ஏழாவது. ஏழாவது கையெழுத்துப் போட்டவன் எங்க? எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல. செத்த பின்னாடி என் பேரனுங்க அந்தக் கல்லைப் பாத்துட்டு, தாத்தா சும்மா கதை விட்டிருக்காருன்னு சொல்ல மாட்டானுங்களா? இன்னைக்கு விடியக் கெளம்பி முதல் பஸ்சைப் புடிச்சேன். சண்டைக்குத்தான் சார் போனேன்.

போனா மண்டபத்துல ஏக தடபுடலு. வாசல்ல கோலம், சீரியல் லைட்டு, ‘வருக வருக’ன்னு பெரிய பேனரு. பேனர்ல யாரை வருகன்னு போட்டிருக்குன்னு நான் நின்னு படிக்கல, எனக்கு அதுக்கு நேரம் இல்ல. நேரா மேடைக்குப் போனேன். முனிரத்தினம் உக்காந்திருக்காரு. பல்லெல்லாம் கட்டின பல்லு. என்னைப் பாத்ததும் அடையாளம் தெரிஞ்சுடுச்சு. எழுந்து வந்து கையைப் புடிச்சுக்கிட்டாரு. புடிச்ச கையை விடல. நான் கையை விட்டுட்டுப் பேசுங்கன்னேன். அப்பவும் விடல.

“கல்லுல என் பேரு எங்க?”ன்னேன்.

பக்கத்து நாற்காலியிலேருந்து ஒருத்தரு எழுந்தாரு. நல்ல சதை போட்ட ஆளு, கண்ணாடி. நெடுஞ்சாலைத் துறையில பெரிய இன்ஜினியரா இருந்தவராம். “என் பேரை எடுத்துட்டு இவரு பேரைப் போட்டுடுங்க. அதான் முறை”ன்னாரு. குரலை வச்சுத்தான் கண்டுபுடிச்சேன். பிச்சாண்டி. இப்ப நிமிந்து பாத்துப் பேசுறான்... பேசுறாரு.

முனிரத்தினம் யோசிச்சாரு. ஜட்ஜு இல்லியா, யோசிக்காம வாயைத் தொறக்க மாட்டாரு. “ஏகாம்பரம், உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. நான் போவவே இல்ல, ஆரம்பத்துலேருந்து மன்றத்துலதான் இருக்கேன்னு சொன்னீங்கன்னா, கல்லுல போடுறோம். ஆனா அப்ப நீங்க பழைய ஆளு, எல்லாரையும் போல ஒரு தம்பி. இல்ல, நான் அன்னைக்கே போயிட்டேன், இன்னைக்குத்தான் சேர்றேன்னு சொன்னீங்கன்னா, கல்லுல எடம் இல்ல. ஆனா கடைசியா வந்தவரு நீங்க.”

“கடைசியா வந்தா?”

“சட்டம் உங்களுக்குத் தெரியாததா?”

ரெண்டையும் சேத்துத் தரக் கூடாதான்னு கேட்டுப் பாத்தேன். கூடாதுன்னுட்டாரு.

யோசிச்சேன் சார். அவ்வளவு தூரம் கல்லுக்காகத்தானே போனேன். கல்லு நிக்கும், நூறு வருஷம் நிக்கும். ஆனா கல்லுக்கு வாய் இருக்கா? அண்ணேன்னு கூப்பிடுமா? அதுவும் இல்லாம இன்னொருத்தரு பேரைச் செதுக்கி எடுத்துட்டு என் பேரை வெட்டினா அந்த எடம் பள்ளமா அசிங்கமா இருக்கும். கருங்கல்லு வேலையில அதெல்லாம் மறையாது. அதுக்காகத்தான் வேணாம்னேன், பிச்சாண்டிக்காக இல்ல. “இன்னைக்குத்தான் சேர்றேன்”னு சொல்லிட்டேன்.

மேடையில மேஜை போட்டு, புதுசா சேர்றவங்க கையெழுத்துப் போடுறதுக்குத் தயாரா வச்சிருந்தாங்க. யாரோ ஒரு பொண்ணு பேனாவைக் கைல வச்சுக்கிட்டு மேஜை பக்கத்துல நின்னுக்கிட்டிருந்துச்சு. ஆபீசுப் பொண்ணு போலன்னு நெனைச்சு, “இப்படிக் குடும்மா”ன்னு பேனாவை வாங்கிக் கையெழுத்தைப் போட்டேன். பந்திக்கு முந்துன்னு சும்மாவா சொன்னாங்க. முனிரத்தினம் என்னமோ சொல்ல வந்தாரு, அப்புறம் அந்தப் பொண்ணைப் பாத்தாரு, அது தலையை ஆட்டுச்சு. சரின்னு விட்டுட்டாரு.

அப்புறம்தான் சார் நான் சொன்னது நடந்துச்சு. மண்டபமே எழுந்து நிக்கிது. டாக்டருங்க, வாத்தியாருங்க, இப்பப் படிக்கிற பசங்க, எல்லாரும். சட்டப்படி முன்னாடி இருந்த அண்ணே, ஒரு காலேஜுப் பையன், முதல்ல கூப்பிட்டான். அப்புறம் முனிரத்தினம் சொன்னாரு, “வாங்கண்ணே.” பிச்சாண்டி சொன்னாரு, “வாங்கண்ணே.” சொல்லும்போது அவரு குரல் கம்மிப் போச்சு. சளியா இருக்கும், வயசாச்சில்ல. நான் ஏவணும் இல்லியா, அதான் சட்டம். “தம்பி, ஒரு டீ சொல்லு”ன்னேன் பிச்சாண்டிகிட்ட. அவ்வளவு பெரிய இன்ஜினியரு, அவரே எறங்கிப் போயி வாங்கிட்டு வந்தாரு. எங்க நைனா இருந்திருந்தா அந்த மண்டபத்துல முதல் வரிசையில உக்கார வச்சிருப்பேன். பாருங்க நைனா, இப்ப நான் இந்தப் பக்கம்தான் பாக்குறேன்னு சொல்லியிருப்பேன்.

மைக்கைக் கைல குடுத்தாங்க. புடிச்சுக்கிட்டேன். எவ்வளவு வருஷத்துப் பேச்சு உள்ள கெடக்கு. அரிசி மில்லுலேருந்து ஆரம்பிச்சு, தவிடு, சட்டை தோய்ச்சது, எல்லாம் சொல்லிக்கிட்டே வர்றேன். ஜனங்க கேக்குறாங்க. அப்பப்பப் பக்கவாட்டுல பாக்குறாங்க. நானும் என்னடான்னு பாத்தா, பேனா குடுத்த பொண்ணு இன்னும் அங்கயே நிக்கிது.

முனிரத்தினம் காதுகிட்ட வந்து சொன்னாரு. “அண்ணே, அந்தப் பொண்ணு பேரு மோனிஷா. பொண்ணுங்க ஆஸ்டல்லேருந்து மன்றத்துல சேர்ற முதல் ஆளு. இன்னைக்கு விழாவே அதுக்காகத்தான். பேனரை நீங்க பாக்கலியா? ‘அக்கா வருக’ன்னு போட்டிருக்கே.”

நான் எங்க பாத்தேன்.

“அது பரவாயில்லங்குது. நாளைக்குச் சேந்துக்கறேங்குது. நீங்க இன்னைக்கு முழுக்க அண்ணேவா இருங்க”ன்னாரு.

பொண்ணைப் பாத்தேன். பதினேழு, பதினெட்டு வயசு இருக்கும். புதுச் சுடிதாரு, மடிப்புக்கூடக் கலையல. இன்னைக்குன்னு எடுத்ததா இருக்கும். அது எங்க பாக்குதுன்னு பாத்தேன். கால் கட்டைவிரலைப் பாக்குது.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். “இது என்னா நியாயம்? இன்னைக்குன்னு சொல்லி வரச் சொல்லிட்டு நாளைக்கு வாங்கறதா? யாரு அவங்களை நிக்க வச்சது?”ன்னு மைக்குலயே கேட்டேன். நானே பேனாவைக் கொண்டு போயி அந்தப் பொண்ணு கைல குடுத்தேன். கையெழுத்துப் போட்டுச்சு. சட்டப்படி முன்னாடி இருந்த அண்ணேதான் முதல்ல கூப்பிடணும். நான் இதுவரைக்கும் எவரையும் அப்படிக் கூப்பிட்டது கெடையாது சார். வாழ்க்கையில ஒரு தடவைகூட. ஆனாலும் சொல்லிட்டேன்.

“வாங்கக்கா.”

இப்ப அந்தப் பொண்ணு பதிலுக்குத் தம்பின்னு கூப்பிட்டு ஒரு வேலை ஏவணும். வாயைத் தொறக்குது, வரல. முனிரத்தினம், “அண்ணே, தாத்தா வயசு ஆளைப் போயி எப்படிக் கூப்பிடும் கொழந்தை? விட்டுடலாம்”ங்கறாரு.

“அதெல்லாம் விடக் கூடாது”ன்னேன். “சட்டம்னா சட்டம். அக்கா, நிமிந்து பாருங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க. என்னா வேணும் உங்களுக்கு? கேளுங்க. சத்தமாக் கேளுங்கக்கா, கடைசி வரிசைக்குக் கேக்கணும்.”

நிமிந்துச்சு சார். கண்ணுல தண்ணி நிக்கிது, ஆனா நிமிந்துச்சு.

“தம்பி, அந்த மைக்கைக் குடு”ன்னுச்சு.

மைக்கு இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டுச்சு. பிச்சாண்டி பாருங்க, அந்த வயசுல விசில் அடிக்கிறாரு!

நான் பேச வேண்டியது இன்னும் பாதி இருக்கு. முக்கியமான பாதி. அது மைக்குக்குக் கையை நீட்டிக்கிட்டு நிக்கிது. “இந்தாங்கக்கா”ன்னு குடுத்துட்டு, எறங்கி வந்து தம்பிங்க வரிசையில ஒரு நாற்காலியைப் பாத்து உக்காந்துட்டேன்.